ரேஷன் அரிசி, பருப்பு, பாமாயில்: எட்டுப் பிள்ளைகள் சாப்பிடும் வீட்டிலிருந்து ஒரு விமர்சனம்

குக்கருக்கும் மிக்ஸிக்கும் பக்கம் பக்கமாக விமர்சனம் எழுதுகிறோம். தமிழ்நாட்டில் இரண்டு கோடிக்கும் மேற்பட்ட குடும்ப அட்டைகளுக்குப் போகிற ரேஷன் அரிசியைப் பற்றி ஒரு வரி கிடையாது. "நாங்க அதெல்லாம் வாங்கறதில்லை" என்று சொல்வதுதான் கௌரவம் என்று ஆகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எங்கள் அடுப்பு பாதி இதை நம்பித்தான் எரிகிறது.

முதலில் வீட்டைச் சொல்லிவிடுகிறேன். கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு கிராமம். அண்ணன் தம்பி மூன்று பேர் குடும்பமும் ஒரே சமையலறையில் சாப்பிடுகிறோம். நான் மூத்த மருமகள். என்னுடையதும் ஓரகத்திகளுடையதுமாகப் பிள்ளைகள் எட்டுப் பேர். அட்டை மூன்று, அட்டைக்கு 20 கிலோ அரிசி. பள்ளி நாட்களில் சமாளித்துவிடலாம். சின்னவர்களுக்கு அரசுப் பள்ளியிலேயே காலையில் உப்புமாவோ பொங்கலோ கிடைத்துவிடும், மதியம் முட்டையோடு சத்துணவு. மே மாதம்தான் சோதனை. எட்டும் வீட்டில் இருக்கும், மூன்று வேளையும் பசிக்கும், நடுவில் நான்கு மணிக்கும் பசிக்கும்.

என் தீர்ப்பு இதுதான்: ரேஷன் புழுங்கல் அரிசி சோற்றுக்குச் சுமார், இட்லிக்கு நல்லது, இடியாப்பம் மாதிரியான எங்கள் சந்தகைக்கு மிக நல்லது. எதற்கு எடுத்தாலும் கழுவுவதில்தான் பாதி வேலை இருக்கிறது.

சிப்பத்திலிருந்து எடுத்த அரிசியில் ஒரு பழைய வாடை அடிக்கும். அந்த வாடைதான் பலரையும் விரட்டுகிறது. இரண்டு தடவை தண்ணீர் ஊற்றிக் கொட்டினால் போகாது. நாங்கள் முதலில் முறத்தில் புடைத்துக் குருணையையும் தூசியையும் தள்ளிவிடுவோம், கல் இருந்தால் பொறுக்கிவிடுவோம். அப்புறம் அகலமான குண்டானில் போட்டு, ஒரு கைப்பிடி கல் உப்பு தூவி, தண்ணீர் ஊற்றாமல் இரண்டு கையாலும் நன்றாகத் தேய்க்க வேண்டும். உப்பு அழுக்கைப் பிடித்துக்கொண்டு சாம்பல் நிறமாகிவிடும். அதற்குப் பிறகு தண்ணீர் விட்டு அலசினால் முதல் தண்ணீர் கழனி மாதிரி கலங்கலாக வரும், மாட்டுத் தொட்டியில் ஊற்றிவிடலாம். தண்ணீர் தெளியும் வரை அலசி, கடைசியாக வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப்போட்டால் வாடை என்பதே இருக்காது. என் மாமியார் சொல்வது: "அரிசியக் குத்தம் சொல்லாத கண்ணு, கழுவறதுலதான் எல்லாம் இருக்குது."

கழுவும்போது சில அரிசி மட்டும் மேலே மிதக்கும். நிறமும் கொஞ்சம் வேறாக இருக்கும். இதைத்தான் பிளாஸ்டிக் அரிசி என்று ஊரெல்லாம் பேசிப் பொறுக்கிப் பொறுக்கி எறிந்தார்கள். அது பிளாஸ்டிக் இல்லை. அரிசி மாவில் இரும்புச் சத்து, ஃபோலிக் அமிலம், பி12 வைட்டமின் சேர்த்துப் பிசைந்து, அரிசி வடிவத்தில் இயந்திரத்தில் பிழிந்து எடுப்பது. சாதாரண அரிசி நூறு பங்குக்கு இது ஒரு பங்கு என்று கலப்பார்கள். தமிழ்நாடு முழுக்க இந்தச் செறிவூட்டப்பட்ட அரிசி 2023இல் வரத் தொடங்கியது. வளர்கிற பெண் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் இதைப் பொறுக்கி எறிவதைப் பார்த்தால் எனக்கு மனசு பொறுக்காது. தண்ணீரை வடிக்கும்போது கையை அணை கொடுத்து அந்த அரிசியையும் சேர்த்தே பிடித்துக்கொள்ளுங்கள்.

சோறு வடிப்பதாக இருந்தால் குக்கர் வேண்டாம். குக்கரில் வைத்தால் மேலே பசையும் உள்ளே உதிரியுமாக இரண்டும் கெட்டு வரும். ஒரு மணி நேரம் ஊறிய அரிசியைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு, திறந்த பானையில் வேகவிட்டு வடிக்க வேண்டும். அரிசி தடிமன்தான், பொன்னி மாதிரி மெல்லிசாக வராது. தயிருக்கும் ரசத்துக்கும் சரியாக இருக்கும், கெட்டிக் குழம்புக்கும் பரவாயில்லை. விருந்தாளிக்கு வைக்கக் கொஞ்சம் யோசிப்பேன், பிள்ளைகளுக்கு வைக்க யோசிப்பதே இல்லை. வடித்த கஞ்சியைக் கொட்டிவிடாதீர்கள். சேர்த்த சத்தில் கொஞ்சம் அதில் இறங்கித்தான் இருக்கும். உப்பும் கொஞ்சம் மோரும் விட்டுச் சூட்டோடு ஆளுக்கு அரை டம்ளர் கொடுத்தால், சோறு தயாராகும் வரை யாரும் சமையலறைப் பக்கம் வந்து நச்சரிக்க மாட்டார்கள். மீந்த சோற்றுக்குத் தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் சின்ன வெங்காயத்தோடு பழைய சோறு. தடிமனான அரிசி என்பதால் மறுநாளும் கரையாமல் பருக்கை பருக்கையாக நிற்கும். பொன்னிச் சோறு இந்த விஷயத்தில் தோற்றுவிடும்.

இட்லிக்கு எட்டு டம்ளர் ரேஷன் புழுங்கல் அரிசிக்கு இரண்டு டம்ளர் முழு உளுந்து, இரண்டு டீஸ்பூன் வெந்தயம். உளுந்து புதிதாக இருந்தால் இன்னும் கொஞ்சம் குறைக்கலாம். அரிசி நான்கு மணி நேரம் ஊறினால் போதும். உளுந்தைத் தண்ணீர் தெளித்துத் தெளித்துப் பொங்கப் பொங்க ஆட்டி எடுத்துவிட்டு அரிசியைப் போடுங்கள். அரிசியை மட்டும் நைசாக ஆட்டாதீர்கள். கையில் எடுத்துத் தேய்த்தால் ரவை பதம் தட்டுப்பட வேண்டும். நைசாக ஆட்டினால் இட்லி பிசுபிசுவென்று பல்லில் ஒட்டும், அப்புறம் பழியை அரிசி மேல் போடுவோம். எங்கள் வீட்டில் இன்னும் துணி போட்டுத்தான் இட்லி ஊற்றுகிறோம். வெந்ததும் தட்டைக் கவிழ்த்து, துணியின் பின்பக்கம் பச்சைத் தண்ணீர் தெளித்து உரித்தால் ஒன்றுகூட உடையாமல் வரும். கடையில் தனியாக விற்கிற இட்லி அரிசியில் செய்ததையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நிறத்தில்தான் வித்தியாசம், இது ஒரு மாற்றுக் குறைவு. மென்மையில் குறையே சொல்ல முடியாது. அதே மாவில் தோசை ஊற்றுவதானால், ஊறவைக்கும்போதே ஒரு டம்ளர் ரேஷன் பச்சரிசியும் சேர்த்துக்கொள்ளுங்கள், மொறுமொறுப்பு வரும்.

சந்தகை எங்கள் கொங்குப் பக்கத்துப் பலகாரம். இடியாப்பம் மாதிரிதான் இருக்கும், செய்முறை வேறு. ஊறிய புழுங்கல் அரிசியை, இட்லிக்குச் சொன்னதற்கு நேர்மாறாக, வெண்ணெய்போல் நைசாக ஆட்டி, உப்புப் போட்டு, இட்லியாகவே ஊற்றி வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் சந்தகை அச்சில் போட்டுப் பிழிய வேண்டும். உளுந்தே தேவையில்லை. அதுதான் இதில் பெரிய லாபம். ஆறிவிட்டால் இரண்டு ஆண்பிள்ளைகள் சேர்ந்து அழுத்தினாலும் இறங்காது. அதனால் ஒரு ஈடு வெந்து இறங்கும்போதே அச்சுக்கு ஒருவர், தட்டுக்கு ஒருவர் என்று தயாராக நிற்க வேண்டும். எங்கள் வீட்டில் பெரியவன் அச்சைத் திருகுவான், அவனுக்கு அடுத்தவள் தட்டைச் சுற்றிச் சுற்றிப் பிடிப்பாள், குட்டிகள் விழுகிற நூலைப் பார்த்துக்கொண்டே நிற்கும். விலை உயர்ந்த அரிசியில் செய்தும் பார்த்திருக்கிறேன். ரேஷன் அரிசியில்தான் நூல் அறுபடாமல் நீளமாக விழுகிறது. பாதிக்கு எலுமிச்சை தாளிப்பு, பாதிக்குத் தேங்காய்ப் பாலும் வெல்லமும். "எனக்குப் பாலு ஊத்துனது" என்று எட்டும் ஒரே குரலில் கேட்கும். தேங்காய் வீட்டு மரத்துக் காய் என்பதால் செலவு வெல்லத்துக்கு மட்டும்தான். இரவு வேளைக்கு இதைவிட மலிவாக எட்டுப் பிள்ளைகளுக்கு வயிறு நிறைய எனக்கு வேறு எதுவும் தெரியாது.

பருப்புக்கு வருவோம். ஒரு கிலோ 30 ரூபாய். வெளியில் துவரம் பருப்பு நூறைத் தாண்டித்தான் விற்கிறது, ஆகவே விலையில் பேச்சே இல்லை. ஆனால் எல்லா மாதமும் துவரம் பருப்பே வருவதில்லை, சில மாதம் கனடா பருப்பு வரும். அது மஞ்சளாக இருக்கும், சீக்கிரம் குழைந்துவிடும், துவரையின் வாசனை கிடையாது. சாம்பாருக்கும் கீரைக் கடைசலுக்கும் போட்டால் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். முருங்கைக்கீரையோடு சேர்த்து வேகவைத்தால் எனக்கு அதுவே பிடித்திருக்கிறது. "அரிசியும் பருப்பும்" என்கிற எங்கள் பக்கத்துச் சாதம் செய்வதற்கு மட்டும் துவரம் பருப்பு வந்த மாதத்தில் கொஞ்சம் எடுத்து ஒளித்து வைத்துவிடுவேன். கனடா பருப்பைப் போட்டால் கரைந்து கஞ்சியாகிவிடும்.

அரிசியும் பருப்பும்தான் மழை நாளில் எங்கள் மதியச் சாப்பாடு. கடுகு, சீரகம், வரமிளகாய், பூண்டு, ஒரு கை நிறையச் சின்ன வெங்காயம், தக்காளி எல்லாம் வதங்கியதும் மஞ்சள் தூள் போட்டு, நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு பருப்பு. சோறு வடிக்கத்தான் குக்கர் ஆகாது, இது குழைவாகவே இருக்க வேண்டியது என்பதால் குக்கர் போதும். ரேஷன் அரிசி தண்ணீரை நிறையக் குடிக்கும். மற்ற அரிசிக்கு ஊற்றுவதைவிட அரைப் பங்கு கூடுதலாக ஊற்ற வேண்டும். இறக்கியதும் ஆளுக்கு அரை ஸ்பூன் நெய், ஒரு அப்பளம். காய் தனியாக வேண்டியதில்லை.

பாமாயில் லிட்டர் 25 ரூபாய். அப்பளம் பொரிக்க, வடை சுட, தாளிக்க என்று பயன்படுத்துகிறேன். மார்கழிக் குளிரில் பாக்கெட்டுக்குள் வெள்ளையாக உறைந்துபோகும், அது கலப்படம் இல்லை, வெயிலில் வைத்தால் தெளிந்துவிடும். கடலை எண்ணெய் ருசி வராது. ஒரு தடவை பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பச் சூடாக்காதீர்கள். சர்க்கரை சர்க்கரைதான், கிலோ 25. கோதுமை கிடைக்கிற மாதம் கழுவிக் காயவைத்து மில்லில் அரைத்தால் சப்பாத்தி பழுதில்லாமல் வரும்.

கடையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஊர் பெயர் போடவில்லை. எங்களுக்கு அரிசி ஒரு நாள், பருப்பும் எண்ணெயும் வேறொரு நாள் என்று வருவதால் கூலி வேலைக்குப் போகிறவர்களுக்கு இரண்டு நாள் கூலி போகிறது. வாங்காத பாமாயிலுக்கு வாங்கியதாகக் கைப்பேசியில் குறுஞ்செய்தி வந்ததும் உண்டு. அதைக் காட்டிக் கேட்ட பிறகே அடுத்த வாரம் கொடுத்தார்கள். அதனால் செய்தி வந்ததும் கடை வாசலிலேயே நின்று படித்துப் பாருங்கள். தராசில் எடைக்கல் போட்ட காலம் போய் எல்லாம் மின்னணுத் தராசு ஆகிவிட்டது, பையை வைக்கும் முன் பூஜ்யம் காட்டுகிறதா என்று ஒரு பார்வை போதும். என் மாமியாருக்கு வெங்காயம் உரித்து, களை பிடுங்கி ரேகை தேய்ந்துவிட்டது, இயந்திரம் எடுப்பதே இல்லை. அட்டையில் பெயர் இருக்கிற யார் விரல் வைத்தாலும் போதும் என்பதால் இப்போது நான் போகிறேன். தனியாக இருக்கும் பாட்டிகள் என்ன செய்வார்கள் என்று ஒவ்வொரு மாதமும் வரிசையில் நிற்கும்போது நினைக்கிறேன்.

2008 செப்டம்பரில் கிலோ ஒரு ரூபாய் ஆன அரிசி, 2011 ஜூனில் இலவசமானது. இலவசம் என்ற உடனே மட்டம் என்று முடிவு கட்டி, வாங்கிய கையோடு கோழிக்கும் மாவு மில்லுக்கும் போடுகிறவர்களை எங்கள் தெருவிலேயே பார்க்கிறேன். கழுவத் தெரிந்தால் அது எட்டுப் பிள்ளைகளின் சாப்பாடு. அவ்வளவு நல்ல அரிசியைக் கொடுக்கிற அரசாங்கத்திடம் எனக்கு ஒரே ஒரு கோரிக்கை. முன்பு இதே கடையில் உளுந்தும் மலிவாகக் கொடுத்தார்கள், சில வருடங்களுக்கு முன் நிறுத்திவிட்டார்கள். அரிசி சும்மா கிடைத்தும், உளுந்து விலையைப் பார்த்து இட்லிக்கு ஊறப்போடும் நாட்களை நாங்கள் எண்ணி வைத்திருக்கிறோம். அட்டைக்கு அரைக் கிலோ உளுந்து திரும்ப வந்தால்கூடப் போதும்.