அமர்வுகளா, பயிலரங்கா: உயிர் இயற்பியல் மாநாட்டில் எதற்குப் பதிவு செய்வது?

புதுச்சேரியில் நடந்த உயிர் இயற்பியல் மாநாட்டுக்கு இரண்டாம் முறையாகப் பதிவு செய்தபோது, படிவத்தின் ஒரே ஒரு கட்டத்தில்தான் நெடுநேரம் நின்றேன். ஆய்வுரை அமர்வுகளும் மூலக்கூறு இயக்கப் பாவனை (ஒரு மூலக்கூறின் அணுக்கள் எப்படி அசைகின்றன என்பதைக் கணினியில் கணக்கிட்டுப் பார்ப்பது) குறித்த பயிலரங்கும் ஒரே நாள்களில், ஒரே நேரத்தில் வைக்கப்பட்டிருந்ததால் ஒன்றை விட்டால்தான் மற்றொன்று கிடைக்கும். முதல் முறை அமர்வுகளில் மட்டும் கலந்துகொண்டிருந்தேன். இம்முறை பயிலரங்கைத் தேர்ந்தெடுத்தேன். கடலூரில் ஒரு கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவனாகவும், பெரிய கருவி எதுவும் இல்லாத துறையில் பணியாற்றுபவனாகவும் இருந்துதான் இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன். நல்ல ஆய்வகம் உள்ள இடத்தில் முனைவர் பட்டத்துக்கு உழைப்பவருக்கு என் கணக்கு அப்படியே பொருந்தாது.

கட்டணம், சான்றிதழ், உணவு போன்றவற்றில் பெரிய வேறுபாடு இல்லை. பயிலரங்குக்குத் தனிக் கட்டணம் உண்டு, இடங்களும் குறைவு, அவ்வளவுதான். வேறுபாடு என்றால் பயணத்தில் உண்டு. அமர்வுக்குப் பேருந்து தாமதமாகி அரை மணி நேரம் பிந்திச் சென்றாலும் ஓர் உரைதான் போகும். பயிலரங்கில் முதல் அரை மணி நேரத்தைத் தவறவிட்டவர் அன்று முழுவதும் பக்கத்து இருக்கைக்காரரின் திரையை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஆகவே அந்த இரண்டு நாள்களும் கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து விடியற்காலையிலேயே கிளம்பினேன்.

அமர்வுகளின் சிறப்பை மறுக்க முடியாது. பன்னிரண்டு நிமிட உரை, மூன்று நிமிடக் கேள்வி என்ற அளவில் ஒரே காலையில் ஒளி இடுக்கி (லேசர் ஒளியால் நுண்பொருள்களைப் பிடித்து நகர்த்தும் கருவி), அயனிக் கால்வாய் (செல் சவ்வில் அயனிகள் கடக்கும் புரத வழி), கிரையோ எலக்ட்ரான் நுண்ணோக்கி (உறையவைத்த மூலக்கூறுகளைப் படமெடுக்கும் கருவி) எனப் பல துறைகளை எட்டிப் பார்த்துவிடலாம். கைனெசின் என்னும் புரதம், செல்லின் எரிபொருளான ஏ.டி.பி. மூலக்கூறு ஒன்றுக்கு ஓர் அடி என்ற கணக்கில், அடிக்கு 8 நானோமீட்டராக, செல்லுக்குள் தண்டவாளம் போல் இருக்கும் நுண்குழாய்மேல் நடப்பதை வரைபடத்தில் படிக்கட்டு போலக் கண்டது முதல் முறை சென்றபோதுதான். பாடநூலில் பல ஆண்டுகள் நடத்தியும் எனக்கு வராத உறுதி அந்த ஒரு படத்தில் வந்தது. எந்தக் கேள்வி இன்னும் திறந்திருக்கிறது, எது முடிந்துபோனது என்ற வாசனையும் அரங்கில்தான் பிடிபடும். ஆய்வைச் சுவரொட்டியாக ஒட்டிவைத்து அருகில் நின்று விளக்கும், இடைவேளையில் நடக்கும் சுவரொட்டி அமர்வை நான் தனியாக எண்ணவில்லை. பயிலரங்குக்குச் செல்பவரும் தேநீர்க் குவளையோடு அங்கே போய் நிற்கத் தடையில்லை. உண்மையைச் சொன்னால், மேடையில் கேட்கத் தயங்கிய கேள்விகளை நான் கேட்டது அங்கேதான்.

ஆனாலும் முதல் மாநாடு முடிந்து ஆறு மாதம் கழித்து என் குறிப்பேட்டைத் திறந்தபோது, அதில் இருந்த எதையும் என் துறையில் செய்து பார்க்க முடியவில்லை. நாற்பது பக்கக் குறிப்புகளில் ஒரு பக்கம்கூட ஒரு மாணவருக்கான செய்முறையாக மாறவில்லை. உரை நிகழ்த்துபவர் முடிவைக் காட்டுவார்; அந்த முடிவுக்கு வருமுன் எத்தனை முறை தவறினார் என்பதைப் பன்னிரண்டு நிமிடத்தில் சொல்லவும் முடியாது, சொல்லும்படி நாம் எதிர்பார்க்கவும் கூடாது. என் தேர்வைத் தீர்மானித்தது இந்த ஒன்றுதான்: ஊருக்குத் திரும்பிய பிறகு, வழிகாட்ட ஆளில்லாமல், இருக்கிற கணினியில் மீண்டும் செய்ய முடிகிறதா?

பயிலரங்கில் எடுத்துக்கொண்டது கோழி முட்டை வெள்ளையிலுள்ள லைசோசைம், 129 அமினோ அமிலங்கள் கொண்ட சிறிய புரதம். அதை ஒரு பெட்டியில் வைத்து, நீர் நிரப்பி, அதன் 8 நேர் மின்னூட்டத்தைச் சமன்செய்ய 8 குளோரைடு அயனிகளைச் சேர்த்து, ஆற்றலைக் குறைத்து, முதலில் வெப்பநிலையையும் பிறகு அழுத்தத்தையும் நிலைப்படுத்தி, அதன் பின்னரே உண்மையான ஓட்டத்தைத் தொடங்க வேண்டும். இந்த வரிசை எந்த நூலிலும் கிடைக்கும். படி ஒன்றுக்கு 2 ஃபெம்டோ வினாடி என்றால் ஒரு நானோ வினாடிக்கு ஐந்து லட்சம் படிகள் என்ற கணக்கும் கிடைக்கும். கிடைக்காதது வேறு.

முதல் நாள் பிற்பகலில் மின்சாரம் போயிற்று. யு.பி.எஸ். இல்லாத கணினிகள் அனைத்தும் அணைந்தன. ஓடிக்கொண்டிருந்த பாவனைகளும் நின்றன. சிலர் முணுமுணுத்தார்கள், நானும் முணுமுணுத்தேன். மின்சாரம் வந்ததும் பயிற்சியாளர் பாடத்திட்டத்தை ஒதுக்கிவிட்டு, நாங்கள் பாவனைக்குப் பயன்படுத்திய குரோமாக்ஸ் மென்பொருள், அதுவரை ஓடிய நிலையைத் தானாகவே பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுதிவைக்கும் செக்பாயிண்ட் கோப்பைத் திறந்து, விட்ட இடத்திலிருந்து எப்படித் தொடர்வது என்று காட்டினார். அந்த ஒரு மணி நேரத்துக்காக மட்டுமே பயிலரங்கின் முழுக் கட்டணத்தையும் மீண்டும் கட்டுவேன். 2011 டிசம்பரில் தானே புயலைப் பார்த்த ஊரில், கார்த்திகை மழையில் நாள்கணக்காக ஒரு கணக்கீட்டை ஓட்ட நினைப்பவருக்கு இதைவிடப் பயனுள்ள பாடம் இல்லை. ஜி.பி.யூ. (இத்தகைய கணக்கை வேகப்படுத்தும் வரைகலைச் செயலி) இல்லாத எங்கள் கல்லூரிக் கணினியில் லைசோசைம் ஒரு நாளைக்குச் சில நானோ வினாடிதான் நகர்கிறது. இணையம் வழியாகக் கூகுளின் கணினியை இலவசமாகப் பயன்படுத்தத் தரும் கூகுள் கோலாபிலோ இணைப்பு இடையில் அறுந்துவிடுகிறது. இரண்டிலுமே அந்தக் கோப்பு இல்லாமல் எதுவும் முடிந்திருக்காது.

மற்றொன்றும் உண்டு. ஊருக்குத் திரும்பி நானே ஓட்டிய முதல் பாவனையில் புரதம் இரண்டாகக் கிழிந்து, பாதி பெட்டியின் ஒரு மூலையிலும் மீதி எதிர் மூலையிலும் கிடந்தது. பயிலரங்குக்குச் செல்லாதிருந்தால் விசைப்புலத்தை (அணுக்களுக்கு இடையிலான விசைகளைக் கணக்கிடும் விதித் தொகுப்பை) தவறாகத் தேர்ந்துவிட்டேன் என்று எண்ணி அனைத்தையும் அழித்திருப்பேன். பெட்டியின் ஒரு சுவரைத் தாண்டும் அணு எதிர்ச்சுவர் வழியாக உள்ளே வருவதாகவே கணக்கு எழுதப்படுகிறது, புரதம் கிழியவில்லை, படம் மட்டுமே அப்படித் தெரிகிறது, ஒரு கட்டளையில் சரிசெய்யலாம் என்பதை இரண்டாம் நாள் என் திரையிலேயே பார்த்திருந்ததால் பதறவில்லை.

புரதச் சங்கிலியின் திருப்பக் கோணங்களில் எவை சாத்தியம் என்று காட்டும் இராமச்சந்திரன் வரைபடத்திலும் இதே கதைதான். ஜி. என். இராமச்சந்திரனும் இராமகிருஷ்ணனும் சசிசேகரனும் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து 1963-இல் வெளியிட்ட அந்த வரைபடம் முதல் ஆண்டு அமர்வுகளில் பலமுறை திரையில் வந்து போயிற்று, நான் தலையசைத்தேன். பயிலரங்கில் எங்கள் லைசோசைமின் கோணங்களை நாங்களே புள்ளியிட்டபோது சில புள்ளிகள் அனுமதிக்கப்பட்ட பகுதிக்கு வெளியே விழுந்தன. அவற்றில் பெரும்பாலானவை கிளைசின். பக்கச் சங்கிலியாக ஒரே ஒரு ஹைட்ரஜன் மட்டும் இருப்பதால் அதற்கு மற்றவற்றைவிடச் சுற்றுச் சுதந்திரம் அதிகம் என்பதை அன்று விரல்நுனியில் கற்றேன். இப்போது முதுநிலை மாணவர்களுக்கு இதையே செய்முறையாக வைத்திருக்கிறேன்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் சென்றது கணினிப் பயிலரங்கு ஒன்றுக்கு மட்டுமே. கருவிப் பயிலரங்குக்குச் சென்ற சக ஆசிரியர் ஒருவர், ஒரே ஓர் ஒளி இடுக்கியைச் சுற்றி இருபது பேர் நின்றதாகவும், தம் கைக்கு அது வந்தது சில நிமிடங்களே என்றும் சொன்னார். ஊரில் அந்தக் கருவியும் இல்லையென்றால் என் அளவுகோலின்படியே அங்கே அமர்வுதான் மேல் என்று தோன்றுகிறது, ஆனால் இது கேட்டறிந்ததுதான். ஆய்வு முடியும் தறுவாயில் இருப்பவர், அடுத்த பணியிடம் தேடுபவர் ஆகியோருக்கும் அமர்வுகளை விடச் சொல்ல மாட்டேன். அவர்கள் சந்திக்க வேண்டிய மனிதர்கள் அரங்கில்தான் இருப்பார்கள்.

அடுத்த மாநாட்டுக்கு எங்கள் துறையிலிருந்து இரண்டு மாணவியர் செல்கிறார்கள். இருவரையும் பயிலரங்குக்கே பதிவு செய்திருக்கிறேன். கடைசி நாள் பொது உரைக்கு மட்டும் அரங்கில் அமரச் சொல்லியிருக்கிறேன். மடிக்கணினியின் மின்கலம் எவ்வளவு நேரம் தாங்கும் என்று வீட்டிலேயே சோதித்துவிட்டு வரும்படியும் சொன்னேன்.