இரும்பா, மரமா, படிக்கட்டா, தொங்கலா? வீட்டுச் செடிகளுக்கு ஏற்ற ஸ்டாண்டு எது

செடி ஸ்டாண்டு வாங்கப் போகிறவர்கள் அழகைப் பார்க்கிறார்கள். செடிக்கு வேண்டியதோ வெளிச்சம். அடுக்குமாடி வீடுகளில் ஜன்னலின் அடிவிளிம்பு தரையிலிருந்து ஏறக்குறைய மூன்றடி உயரத்தில் இருக்கும். அதற்குக் கீழே சுவரோரமாக வைத்த தொட்டிக்கு நாளெல்லாம் நிழல்தான். அதே தொட்டியை இரண்டடி உயர்த்தினால் இலைகள் ஜன்னல் மட்டத்துக்கு வந்துவிடும். எனவே வெளிச்சம், தண்ணீர், எடை ஆகிய மூன்றையும் வைத்தே இங்கே மதிப்பிடுகிறேன்.

முதலில் இரும்பு. பத்து அங்குல மண்தொட்டி, ஈர மண்ணோடு சேர்த்தால் பத்து கிலோவுக்குக் குறையாது. அதை அசையாமல் தாங்குவதில் இரும்பை மிஞ்ச ஆளில்லை. வெல்டிங் பட்டறையில் தொட்டியின் அளவைக் கொடுத்தால் வேண்டிய உயரத்தில் செய்து தருவார்கள். ஆனால் வெறும் வளையம் மட்டும் உள்ள ஸ்டாண்டு வேண்டாம். அதில் தட்டு வைக்க இடம் இருக்காது, ஊற்றிய தண்ணீர் நேராகத் தரைக்கு வரும். வளையத்துக்கு அடியில் குறுக்குக் கம்பி கேளுங்கள். வாங்கும்போது ஸ்டாண்டைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள். பற்றவைத்த மூட்டுகளின் அடிப்பக்கத்தில்தான் பூச்சு மெலிந்திருக்கும். துரு அங்கேதான் தொடங்கும். திருவான்மியூர், பெசன்ட் நகர் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக்காற்று அதற்கு இன்னும் வேகம் கொடுக்கும். கால்களுக்கு ரப்பர் புஷ் இல்லாவிட்டால் வெள்ளை டைல்ஸில் துருக்கறை படியும், லேசில் போகாது.

மூன்று காலா, நான்கு காலா? மேடுபள்ளமான தரையிலும் முக்காலி ஆடாது. ஆனால் பக்கவாட்டில் இடித்தால் நான்கு கால் ஸ்டாண்டைவிட எளிதில் சாயும். ஓடியாடும் குழந்தைகள் உள்ள வீட்டில் நான்கு காலே நல்லது.

மர ஸ்டாண்டு பார்வைக்கு முதலிடம். சோபா பக்கத்தில் ஒரு பீஸ் லில்லியை மர ஸ்டாண்டில் வைத்தால் கூடத்தின் களையே மாறிவிடும். தண்ணீர் விஷயத்தில் அது கடைசி இடம். தட்டுக்கு அடியில் தங்கும் ஈரம் முதலில் வெள்ளை வளையமாகத் தெரியும், பிறகு கறுக்கும், பிறகு வார்னிஷ் உரியும். தரைத்தள வீடென்றால் கரையானையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மூங்கில் எடை குறைவு, விலையும் குறைவு. ஐப்பசி, கார்த்திகை மழையில் பூஞ்சணம் பிடித்துவிடும். மரம்தான் வேண்டும் என்பவர்கள் துளையில்லாத பீங்கான் தொட்டிக்குள் சிறு தொட்டியை இறக்கி, அடிக்கடி தண்ணீர் கேட்காத ஸ்நேக் பிளாண்ட், இசட்இசட் பிளாண்ட் வகைகளை வைக்கலாம். (நம் முற்றத்துத் துளசி மாடமும் ஒரு ஸ்டாண்டுதான். துருவும் இல்லை, கரையானும் இல்லை, நகர்த்தத்தான் முடியாது.)

படிக்கட்டு ஸ்டாண்டு குறைந்த இடத்தில் நிறையத் தொட்டிகளைத் தாங்கும். பால்கனிக்கு அதுதான் சரி. கூடத்தில் வைத்தால் வீடு நர்சரிக் கடை போலாகிவிடும் என்பது என் எண்ணம். மேல்படியில் ஊற்றும் தண்ணீர் கீழ்ப்படி இலைகளில் மண்ணோடு சொட்டும். அடியில் பெருக்குவதும் துடைப்பதும் தனி வேலை.

தொங்கும் தொட்டி தரையில் இடம் கேட்காது. மணி பிளாண்ட், ஸ்பைடர் பிளாண்ட் இரண்டும் அதில்தான் எடுப்பாக இருக்கும். ஆனால் கான்கிரீட் கூரையில் துளைபோட வாடகை வீட்டில் அனுமதி கிடைப்பது அரிது. மின்விசிறிக் காற்றில் மண் சீக்கிரம் காயும், தண்ணீர் ஊற்ற ஒவ்வொரு முறையும் ஸ்டூல் ஏற வேண்டும். ஜன்னல் கம்பியில் கொக்கி மாட்டி, செம்மண்ணைக் குறைத்துத் தென்னை நார்க்கழிவைக் கூட்டினால் எடைக் கவலை தீரும். ஒன்றிரண்டுக்கு மேல் வேண்டாம்.

என் வாக்கு இரும்புக்கே, அதுவும் ஒரே உயரத்தில் அல்ல. ஜன்னலோரம் இரண்டரை அடி ஸ்டாண்டில் மணி பிளாண்டைக் கொடியாக வழியவிட்டு, அருகே ஒன்றரை அடியில் பீஸ் லில்லியையும், முக்கால் அடியில் நிமிர்ந்து நிற்கும் ஸ்நேக் பிளாண்டையும் வையுங்கள். ஆளுயர அரேகா பனைக்கு ஸ்டாண்டே தேவையில்லை. உயரமான ஸ்டாண்டில் தட்டு கண்ணில் படாது. அதில் தேங்கும் தண்ணீரில் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு ஒரு வாரம், பத்து நாளில் முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வந்துவிடும். ஆகவே வாரம் ஒருமுறை தட்டைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவிவிடுங்கள்.