48-க்கு 16: மூன்று வருடம், நான்கு பின்டயர்

நேற்று ராத்திரி நான்காவது பின்டயரைக் கழற்றிப் போட்டேன். அந்த நேரம் பார்த்து மோல்மேனிலிருந்து சித்தி மகன் போன். "அண்ணே, நானும் உங்கள மாதிரி ஃபிக்ஸி ஒண்ணு கட்டலாம்னு இருக்கேன். என்னென்ன சாமான் போடணும், என்ன கலர் அடிக்கலாம், சொல்லுங்க." ஃபிக்ஸி என்றால் பின்பல் சக்கரத்தோடு இறுகிய சைக்கிள்; சக்கரம் சுற்றும் வரை பெடலும் சுற்றும், மிதிப்பதை நிறுத்தி உருள முடியாது. கையில் டயர் கரி. வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது. காலையில் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். அவனுக்குச் சொல்ல வேண்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன், கோபம் ஆறின மட்டும்.

தம்பி, முதலில் ஃப்ரேம். இந்த ஒரு விஷயத்தில் ரங்கூன்காரனுக்கு யோகம். ஜப்பானில் கழித்துவிட்ட சைக்கிள்கள் கண்டெய்னர் கண்டெய்னராக இங்கே வந்து இறங்குகின்றன. முக்கால்வாசி முன்னால் கூடை வைத்த பெண்கள் வண்டி. ஆனால் வெயிலில் நின்று பொறுமையாகக் கிளறினால், அடியில் ஒரு பழைய ரேஸ் சைக்கிள் கிடக்கும். பெயின்ட் போயிருக்கும், இரும்பு நன்றாக இருக்கும். வாங்குமுன் ஒன்று மட்டும் பார். பின் அச்சு உட்காரும் காடி படுக்கைவாட்டில் இருக்க வேண்டும். நெட்டுக்குத்தாக இருந்தால் சும்மா கொடுத்தாலும் வேண்டாம். நம் வண்டியில் தொங்கும் செயினை இழுத்துப் பிடிக்க வேறு எந்தச் சாமானும் கிடையாது. அச்சைப் பின்னுக்குத் தள்ளித்தான் செயினை டைட் பண்ண வேண்டும்.

நான் எடுத்த ஃப்ரேமில் பின்பக்கம் அச்சுக்கான இடைவெளி 126 மில்லிமீட்டர். ஃபிக்ஸிக்குப் போடும் பின்சக்கர நடு உருளை, அதாவது டிராக் ஹப், 120. இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று என்று வாஷர் போட்டு அடைத்தேன். இன்றுவரை ஒரு வம்பும் இல்லை. பழைய சக்கரம் 27 இன்ச். அதை எடுத்துவிட்டு 700 என்கிற அளவுச் சக்கரம் போட்டதில் ரிம் நான்கு மில்லிமீட்டர் உள்ளே போய்விட்டது, பிரேக் கட்டை எட்டவில்லை. கை நீளமான பிரேக்காகத் தேட வேண்டியிருந்தது. இதெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமைத் தொல்லை, அதோடு சரி.

தீராத தொல்லை பல் கணக்கு.

பைங்நவுங் மொத்தச் சந்தையில் உளுந்துக் கிடங்கு ஒன்றில் நான் கணக்கு எழுதுகிறேன் என்பது உனக்குத் தெரியும். மிச்சம் விழாத வகுத்தல் என்றால் எனக்கு ஒரு மயக்கம். முன்னால் 48 பல், பின்னால் 16. பெடல் ஒரு சுற்று, சக்கரம் சரியாக மூன்று சுற்று. ஒரு மிதிக்கு ஆறு மீட்டருக்கு மேல் போகும். "பார்த்தியா, மூணுக்கு ஒண்ணு, சுத்தமான கணக்கு" என்று டீக்கடையில் எத்தனை பேரிடம் பீற்றிக்கொண்டேன்! கேட்டவனில் ஒருத்தனாவது எதிர்த்துப் பேசியிருக்கலாம்.

இந்த வண்டியில் வேகத்தைக் குறைக்க ஒரு வழி, காலைப் பூட்டிப் பின்சக்கரத்தை ரோட்டில் இழுக்கவிடுவது. பெடல் வாரில் மாட்டிய இரண்டு காலையும் சட்டென்று இறுக்கினால் பெடல் நிற்கும், சக்கரமும் நிற்கும், டயர் சர்ரென்று தேய்ந்துகொண்டே போகும். பூட்டும்போது எனக்கு எப்போதும் வலது கால்தான் முன்னால். எல்லாருக்கும் இப்படி ஒரு கால் பழகியிருக்கும். இப்போது கணக்கைப் போடு. பெடல் அதே இடத்துக்குத் திரும்பி வரும்போதெல்லாம் சக்கரமும் முழு மூன்று சுற்று சுற்றி அதே இடத்துக்கு வந்திருக்கும். ஆக, நான் எங்கே பூட்டினாலும், எத்தனை தடவை பூட்டினாலும், ரோட்டில் தேய்வது டயரின் ஒரே ஒரு இடம். இரண்டு மீட்டருக்கு மேல் சுற்றளவுள்ள டயரில் உள்ளங்கை அகலத்துக்கு நூல் தெரிகிறது. மற்ற இடத்தில் பக்கவாட்டு ரப்பர் மீசைகூட உதிரவில்லை. சட்டையில் முழங்கை மட்டும் கிழிந்த மாதிரி.

இது ஒன்றும் ரகசியமில்லை என்பதுதான் இன்னும் எரிச்சல். அமெரிக்காவில் ஷெல்டன் பிரவுன் என்றொரு சைக்கிள் மெக்கானிக் இருந்தார், 2008இல் காலமானார். அவர் இதையெல்லாம் எப்போதோ எழுதி வைத்துவிட்டார். முன்பல்லை மேலே, பின்பல்லைக் கீழே எழுதிப் பின்னத்தைச் சுருக்கு. கீழே மிஞ்சும் எண் எதுவோ, டயரில் அத்தனை இடம் மாறி மாறித் தேயும். 46-க்கு 16 போட்டால் 23-க்கு 8, எட்டு இடம். 48-க்கு 17 சுருங்கவே சுருங்காது, பதினேழு இடம். என்னுடையது மூன்றுக்கு ஒன்று. மேலே இருப்பது ஒற்றைப்படை எண்ணாக இருந்தால், இடது காலையும் முன்னால் வைத்துப் பூட்டப் பழகினால் இரட்டிப்பாகுமாம். எனக்கு ஒன்று இரண்டாகும். பெரிய லாபம்!

முதல் டயர் நான்கே மாதம். தாம்வே சந்துக்குள், காலை நாலே முக்கால் இருக்கும், கரண்ட் இல்லை. பூட்டினேன், வெடித்தது. இந்தக் காலத்தில் ரங்கூனில் அந்த நேரத்தில் அப்படி ஒரு சத்தம் கேட்டால் யாரும் ஜன்னலைத் திறந்து பார்க்க மாட்டார்கள். தெரு முழுக்க மூச்சுவிடாமல் இருந்தது. அந்த அமைதியில் வண்டியைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். கம்பெனி டயர் மட்டம் என்று திட்டிவிட்டு அதே போல் இன்னொன்று வாங்கினேன். அது ஐந்து மாதம்.

பின்பல்லை மாற்றினால் தீர்ந்தது என்று நீ நினைப்பாய். நானும் நினைத்தேன். ரங்கூனுக்குள் மோட்டார் சைக்கிளுக்கு 2003 முதல் தடை என்பதால் சந்துக்குச் சந்து சைக்கிள் கடையும் சைக்கா என்கிற சைக்கிள் ரிக்‌ஷா ரிப்பேரும் உண்டு. எல்லாக் கைக்கும் ஃப்ரீவீல், அதாவது மிதிக்காமல் உருளவிடும் சாதா பின்பல், தெரியும். நான் போன கடையில் ஒரு பையன், உளியும் சுத்தியலும் எடுத்தான். பல்சக்கரத்துக்கு மேலே அதைப் பிடித்து நிறுத்தும் லாக்ரிங் என்று ஒரு வளையம் இருக்கும், அது இடது மரை, சாதா மரைக்கு எதிர்த்திசையில் இறுகும். நாம் பின்னுக்கு அழுத்தும்போது பல்சக்கரம் கழலப் பார்க்கும். அது கழலும் திசைதான் லாக்ரிங் இறுகும் திசை, அதனால்தான் இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன. பையன் ஊருக்கெல்லாம் கழற்றுகிற பக்கம் தட்டினான். ஒவ்வொரு அடிக்கும் இன்னும் இறுகியது. கடைசியில் ஸ்பேனர் மாட்டும் காடியெல்லாம் மழுங்கிப் போய், லாக்ரிங் வழுவழுவென்று மோதிரம் மாதிரி நின்றது. கூலி வேறு கொடுத்தேன்.

நியாயமாகச் சொன்னால் அந்தப் பையன் அதற்குமுன் அப்படி ஒரு ஹப்பைப் பார்த்ததில்லை. நான் பக்கத்திலேயே நின்றேன். இடது மரை என்று எனக்கும் அன்றைக்குத் தெரியாது. ஆனாலும் அந்தத் தெரு வழியாகப் போகும்போது இன்றுவரை கடைப்பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை.

சரி, முன்பல்லையாவது மாற்று என்கிறாயா? அங்கேதான் ஸ்டைல் என் காலை வாரியது. பெடல் மாட்டும் கை, அதுதான் கிராங்க், வாங்கும்போது இரண்டு இருந்தது. ஒன்றில் பல்வட்டம் ஐந்து போல்ட்டில் தனியாகக் கழலும், பார்க்கச் சுமார். இன்னொன்று கிராங்கோடு சேர்த்து ரிவெட் அடித்தது, கண்ணாடி மாதிரிப் பளபளப்பு. எதை வாங்கியிருப்பேன் என்று சொல்லவும் வேண்டுமா. இனி பல் மாற்ற வேண்டுமென்றால் கிராங்க் மொத்தமாக மாற வேண்டும். நம் பர்மா நாணயம் சாட் விழுந்து கிடக்கிற கிடையில் அந்த விலையை வீட்டில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஸ்டைல் பேச்சு வந்ததால் அதையும் சொல்லிவிடுகிறேன். வெள்ளை ரிம், வெள்ளை ஹேண்டில் டேப், கிளிப்பச்சை ஃப்ரேம். போட்டோவில் அள்ளிக்கொண்டு போகும். ஆனால் இந்த ஊரில் பஸ் ஜன்னலிலிருந்து வெற்றிலை எச்சில் எந்த நேரம் எந்தப் பக்கம் வரும் என்று எந்த ஜோசியனாலும் சொல்ல முடியாது. ஒரே வாரத்தில் வெள்ளை டேப் செங்கல் நிறம். மண்ணெண்ணெய், எலுமிச்சம்பழம், சோப்பு எல்லாம் பார்த்தாகிவிட்டது. கறுப்பு போடு. ஹேண்டிலை மட்டும் என் தோள் அகலத்துக்கு வெட்டினேன். அது நல்ல முடிவு, நெரிசலில் கார்களுக்கு நடுவே நுழைந்து போகலாம்.

இன்னொன்று, கைலி கட்டிக்கொண்டு ஏறாதே. சாதா சைக்கிளில் கைலி நுனி செயினில் மாட்டினால் மிதிப்பதை நிறுத்தலாம், பெடலைப் பின்னுக்குச் சுற்றி எடுக்கலாம். இதில் வண்டி ஓடுகிற வரை செயின் இழுத்துக்கொண்டேதான் இருக்கும். காளி கோயிலுக்குப் போகும் வழியில் எனக்கு அது நடந்தது. முன்பிரேக்கைப் பிடித்து நின்றபோது இடுப்பில் பாதிக் கைலிதான் மிச்சம். கோயிலுக்குப் போகாமல் திரும்பிவிட்டேன். முன்பிரேக் வைக்காமல் இந்த வண்டியைக் கட்டுகிறவனோடு எனக்குப் பேச்சே இல்லை.

பிரேக் இருக்கும்போது ஏன் காலைப் பூட்டி டயரைத் தேய்க்கிறாய் என்று என் வீட்டுக்காரியே கேட்டுவிட்டாள். மழையில் ரிம் நனைந்தால் பிரேக் பிடிக்காது என்று சொன்னேன். பொய் இல்லை, மே மாதம் தொடங்கி அக்டோபர் வரை இங்கே மழைதான். முழு உண்மையும் இல்லை. இழுப்பது சுகம், அவ்வளவுதான்.

நாய் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ரங்கூன் தெருநாய்கள் விடியற்காலையில் சைக்கிள்காரனை என்ன பாடு படுத்தும் என்று உனக்குத் தெரியும். பழைய வண்டியில் கல்லும் குச்சியும் வைத்திருந்தேன். இந்த வண்டி வந்த முதல் வாரமே கவனித்தேன், மிதிப்பதை விட்டு உருளும்போது வருகிற அந்த டிக்டிக் சத்தம் இதில் கிடையாது. நாய்கள் படுத்த இடத்திலிருந்து தலையைத் தூக்கும், பார்க்கும், திரும்பப் படுத்துக்கொள்ளும். இருட்டில், கண்டோஜி ஏரிக்கரையில், டயர் தார் ரோட்டில் உரசும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டு போவேன். இதைக் கணக்கில் சேர்த்தே நான் கட்டவில்லை. எந்தக் கடையிலும் இதைச் சொல்லி விற்கவும் மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை சிரியம் பாலத்தில், பக்கத்தில் ரயில் தண்டவாளம் ஓட, இறக்கத்தில் கால் தானாகத் தையல் மெஷின் மாதிரி அடிக்கும்போது பயமாகவும் இருக்கும், சிரிப்பாகவும் வரும்.

மூன்றாவது டயர் ஏழு மாதம் வந்த பிறகுதான் எனக்கே ஒரு வழி புலப்பட்டது. மாதம் ஒருமுறை வண்டியைக் கவிழ்த்து, அச்சு நட்டைத் தளர்த்தி, செயினைத் தூக்கிப் பின்பல்லை நான்கு பல் தள்ளி மாட்டினால் தேயும் இடம் கால் சுற்று நகர்ந்துவிடும். பதினாறு பல், நான்கு தடவை. அப்படித்தான் நான்காவது டயர் ஒரு வருடம் எட்டு மாதம் வந்தது. அதுவும் தீபாவளிக்கு அப்புறம் இரண்டு மாதம் மறந்துபோனதால்தான் நேற்றோடு போயிற்று. டயருக்காகக் காலண்டர் பார்க்கிற ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

ஆகவே தம்பி, கட்டாதே. மோல்மேனில் கியரோடு ஒரு வண்டி வாங்கு. உங்கள் ஊரில் நடுவிலேயே மலைமுதுகு ஓடுகிறது, தெரு முழுக்க மோட்டார் சைக்கிள். கேட்காமல் கட்டத்தான் போகிறாய் என்றால் 44-க்கு 17 போடு. மேட்டுக்கும் ஆகும், டயரும் பதினேழு இடத்தில் தேயும். போல்ட் வைத்த கிராங்க் வாங்கு. லாக்ரிங் ஸ்பேனரை முதலில் வாங்கிக்கொண்டு அப்புறம் லாக்ரிங் வாங்கு. உன் மச்சான் கப்பலில் சிங்கப்பூர் போகிறார் அல்லவா, அவரிடம் உனக்குச் சொல்லும்போது எனக்கும் ஒரு 46 பல் கிராங்க் சேர்த்துச் சொல். அண்ணிக்குத் தெரிய வேண்டாம்.

ஐந்தாவது டயரை மாட்டிவிட்டேன். ரிம்மில் கால் சுற்றுக்கு ஒரு இடமாக ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று மகள் சாக்பீஸால் எழுதிக் கொடுத்திருக்கிறாள். மூன்றைத் தலைகீழாக எழுதியிருக்கிறாள். இந்த மாதம் ஒன்று.