குழந்தை தூங்கும் நேரத்துக்குள்: டோன் பர்ஸ்ட் பெராவா, ஏ.எஸ்.எஸ்.ஆரா?

கைக்குழந்தைக்கு எத்தனை டெசிபலில் காது கேட்கிறது என்று பார்க்க இரண்டு வழி. ஒலிக்கு மூளைத்தண்டு தரும் மின் அலையை ஆடியாலஜிஸ்ட் கண்ணால் பார்த்துக் குறிப்பது பெரா. ஏறி இறங்கும் ஓசையைத் தொடர்ந்து விட்டு, அதே வேகத்தில் மூளையும் துடிக்கிறதா என்று கணினியே கணக்குப் போடுவது ஏ.எஸ்.எஸ்.ஆர். எலக்ட்ரோடு இரண்டுக்கும் ஒன்றுதான்: மேல்நெற்றியிலும், இரு காதுக்குப் பின்னுள்ள எலும்பின் மேலும், கிரவுண்ட் கன்னத்தில். மின்தடை 5 கிலோ ஓமுக்குள் இருக்கட்டும்.

பெரா என்றாலே 'டிக்' என்று சட்டென முடியும் கிளிக் ஒலிதான் என்று இன்னும் சிலர் நிறுத்திவிடுகிறார்கள். கிளிக் சொல்வது பெரும்பாலும் 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரை உள்ள நிலவரத்தை. 500 ஹெர்ட்ஸில் கணிசமான குறை இருந்தாலும் ரிப்போர்ட் 'நார்மல்' என்று வந்துவிடும். ஹியரிங் எய்டு செட் பண்ண, ஒரு அலைவரிசையை ஒட்டிச் சிறு துண்டாக வரும் டோன் பர்ஸ்ட் ஒலி வேண்டும்.

டோன் பர்ஸ்டில் ஆள் சறுக்குவது 500 ஹெர்ட்ஸில். அங்கே, பெராவில் நாம் முக்கியமாகத் தேடும் ஐந்தாம் அலை கூர்மையாக வராது. மொத்தையாக, 10 மில்லி செகண்டையும் தாண்டி எழும். கிளிக்குக்கு வைத்த 10 மில்லி செகண்ட் திரையிலேயே தேடினால் அலை திரைக்கு வெளியே போயிருக்கும். 'ரெஸ்பான்ஸ் இல்லை' என்று எழுதிவிடுவார்கள். திரையை 25 மில்லி செகண்டாக்கி, ஒலி விடும் வேகத்தை நொடிக்கு 39 வாக்கில் வையுங்கள். மெதுவான அலைகளை வெட்டும் கீழ் ஃபில்டர் 30 ஹெர்ட்ஸ். 100-இல் வைத்தால் அந்த மொத்தை அலையில் பெரும்பகுதியை ஃபில்டரே தின்றுவிடும். ஒவ்வொரு அளவையும் இரண்டு முறை எடுத்து, கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிகிறதா என்று பாருங்கள்.

ஏ.எஸ்.எஸ்.ஆரில் இந்தக் கண் வேலை இல்லை. இரு காதிலும் நான்கு நான்கு அலைவரிசை, எட்டும் ஒரே நேரத்தில் ஓடும். தூங்கும் குழந்தைக்கு ஏற்ற இறக்க வேகம் 80 முதல் 100 ஹெர்ட்ஸ். 40 விழித்திருக்கும் பெரியவர்களுக்கு. முடிவில் ஆடியோகிராம் (எந்த அலைவரிசை எத்தனை டெசிபலில் கேட்கிறது என்ற படம்) மாதிரியே அழகான கிராஃப் வரும். எனக்கு அந்த அழகின்மேல்தான் சந்தேகம். அலையின் வடிவம் தெரியாததால் ஆடிட்டரி நியூரோபதி (உள்காது ஒலியை வாங்கினாலும் நரம்பு அதைச் சீராகக் கடத்தாத நிலை) அதில் பிடிபடாது. மிக உரத்த ஒலியில் காது கேட்காமலே போலி ரெஸ்பான்ஸும் வரலாம்.

இரண்டு முறையிலுமே கருவி காட்டும் எண்ணை அப்படியே எழுதக் கூடாது. டோன் பர்ஸ்டில் 500-க்கு 10 முதல் 15 டெசிபல் வரை கழிப்பார்கள், 4000-க்கு கிட்டத்தட்ட ஒன்றும் இல்லை. ஏ.எஸ்.எஸ்.ஆருக்குக் கழிவு கருவிக்குக் கருவி வேறு.

குழந்தை எப்போது விழிக்கும் என்று தெரியாது. அதனால் பெராவில் தொடங்குவதே புத்திசாலித்தனம்: முதலில் 2000, பிறகு 500, அதற்குப் பிறகே மற்றவை. ஒரு காதை முழுக்க முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகாமல், இரண்டுக்கும் மாறி மாறி எடுங்கள். ரெஸ்பான்ஸ் வரத் தேவைப்படும் டெசிபல் கூடுதலாக இருந்தால், காதுக்குப் பின்னுள்ள எலும்பை அதிரவைத்து எலும்புவழி ஒலியும் கொடுங்கள். நடுக்காதில் நீர் இருக்கலாம்.

உச்ச அளவிலும் அலை இல்லையா? ரேர்ஃபேக்‌ஷன், கண்டன்சேஷன் என்று, அதாவது காற்றழுத்தம் முதலில் குறையும்படி ஒரு முறை, முதலில் கூடும்படி ஒரு முறை, கிளிக்கைத் தனித்தனியாகக் கொடுங்கள். கோடு தலைகீழானால் அது உள்காதின் செல்கள் தரும் மின்துடிப்பான காக்ளியர் மைக்ரோஃபோனிக்காக இருக்கலாம். இயர்போன் குழாயைக் கிள்ளிப் பிடியுங்கள். கோடு மறைந்தால் காதிலிருந்து வந்தது, ஆடிட்டரி நியூரோபதியாக இருக்கலாம்; மறையாவிட்டால் கருவியின் சத்தம். மைக்ரோஃபோனிக் இல்லை என்று உறுதியான பிறகு, கொஞ்சநஞ்சம் கேட்கிறதா என்று தேட ஏ.எஸ்.எஸ்.ஆரை ஓட்டலாம்.