தொலைவு–நேர வரைபடத்துக்கு எச்.சி.-எஸ்.ஆர்.04 மீயொலி சென்சார்: எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும்

தொலைவு–நேர வரைபடத்தில் கோடு ஏறி, கொஞ்ச தூரம் படுத்து, பிறகு இறங்கினால் ‘மேடு ஏறி இறங்கியிருக்கிறார்’ என்று சொல்லும் மாணவர்கள் ஏராளம். வரைபடத்தைக் காட்சிப் படமாகப் பார்ப்பதால் வரும் பிழை இது. கரும்பலகையில் எத்தனை முறை விளக்கினாலும் லேசில் போகாது. நடக்க நடக்கத் திரையில் கோடு வளர்வதைப் பார்த்தால் போய்விடும். அதற்கு, ஒலி போய்த் திரும்பும் நேரத்தை வைத்துத் தொலைவை அளக்கும் இந்தச் சிறிய சென்சாரும், நிரல் எழுதி இயக்கும் ஓர் ஆர்டுயினோ போர்டும் போதும்.

சென்சாரைத் தூண்டும் ட்ரிக் பின்னுக்கு (இணைப்பு முனைக்கு) 10 மைக்ரோவிநாடித் துடிப்பு கொடுத்தால் 40 கிலோஹெர்ட்ஸில் எட்டு அலைகள் கிளம்பும். அவை போய்த் திரும்பிய நேரம் எக்கோ பின்னில் மைக்ரோவிநாடியில் கிடைக்கும். அதை 58ஆல் வகுத்தால் சென்டிமீட்டர். விவரத்தாளில் 4 மீட்டர் வரை என்று இருக்கும். நடக்கும் ஆளை அளக்கும்போது 2.5 மீட்டரோடு நிறுத்திக்கொள்வது நல்லது. துணி ஒலியை உறிஞ்சும், உடம்பின் வளைவு சிதறடிக்கும். 30 செ.மீ. சதுர அட்டையை மார்புக்கு முன்னால் நேராகப் பிடித்து நடந்தால் கோடு சீராக வரும். அட்டை சாய்ந்தால் எதிரொலி தவறி, கோட்டில் முள் முளைக்கும். அடுத்தடுத்த மூன்று அளவுகளில் நடுமதிப்பை எடுத்தால் ஒற்றை முட்கள் மறையும்.

பெரிய குறை சென்சாரில் இல்லை, ஆர்டுயினோ மென்பொருளில் கோட்டை வரைந்து காட்டும் சீரியல் பிளாட்டரில் இருக்கிறது. அதன் கிடை அச்சு விநாடி அல்ல, எத்தனையாவது அளவு என்பதுதான். அதை நேரமாக நினைத்துச் சாய்வைக் கணக்கிட்டால் விடை தப்பும். ஒவ்வொரு அளவோடும் மில்லிஸ் மதிப்பையும் (போர்டு இயங்கத் தொடங்கியதிலிருந்து கடந்த மில்லிவிநாடிகள்) அச்சிட்டு, விரிதாளில் போட்டு வரையுங்கள். 1ஆவது விநாடியில் 0.50 மீ., 4ஆவது விநாடியில் 2.00 மீ. என்றால், 1.50ஐ 3ஆல் வகுக்க வேகம் விநாடிக்கு 0.5 மீ. இங்கே 2.00ஐ 4ஆல் வகுத்தாலும் அதே 0.5 வருவது தற்செயல். தொடக்கம் 0.80, முடிவு 2.30 என்று மாற்றிக் கொடுத்துப் பாருங்கள். சாய்வு அதே 0.5, ஆனால் 2.30ஐ 4ஆல் வகுப்பவருக்கு 0.575 வரும். சாய்வு என்றால் வித்தியாசங்களின் விகிதம் என்பது அப்போது பிடிபடும்.

இன்னொன்றை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். சென்சார் காட்டுவது தன்னிடமிருந்து ஆள் நிற்கும் இடத்தை, நடந்த மொத்தத் தொலைவை அல்ல. திரும்பி வந்தால் இந்தக் கோடு இறங்கும். கடந்த தொலைவின் கோடு ஒருபோதும் இறங்காது. பாடப்புத்தகத்தில் தொலைவும் இடப்பெயர்ச்சியும் குழம்புவது இங்கேதான். ஒரே நடைக்கு இரண்டு கோடுகளையும் ஒரே தாளில் வரையச் சொல்லுங்கள்.

வெப்பநிலையையும் கவனியுங்கள். 30 டிகிரி செல்சியஸில் ஒலி வேகம் கூடுவதால் 57.2ஆல் வகுக்க வேண்டும். 58ஐயே வைத்தால் 2 மீட்டரில் ஏறத்தாழ 3 செ.மீ. குறையும்.

திசைவேக வரைபடத்துக்கு அடுத்தடுத்த அளவுகளைக் கழிக்காதீர்கள். 60 மில்லிவிநாடி இடைவெளியில் 3 மி.மீ. தடுமாறினாலே விநாடிக்கு 5 செ.மீ. பிழை, கோடு ரம்பப் பல்லாகிவிடும். பத்து அளவு தள்ளிக் கழித்தால் அந்தப் பிழை பத்தில் ஒரு பங்காகும்.