காந்தம் குறையற்றது, மேசைதான் கம்பியைக் கொன்றது: பெங்களூரு அளவீட்டுச் சேவை ஒன்றின் அனுபவம்

கட்டணம் பெற்றுக்கொண்டு வெளியாருக்கு அளந்து தரும் பெங்களூரு குறைவெப்பநிலை ஆய்வுக்கூடம் ஒன்றை, சேலத்திலிருந்து இரவு ரயிலில் சென்று இருமுறை பயன்படுத்தினேன். நான் கொண்டுசென்றவை ஏறத்தாழ 200 நானோமீட்டர் விட்டமுள்ள, பிஸ்மத் என்ற உலோகத்தாலான நானோகம்பிகள். காந்தப்புலத்தில் அவற்றின் மின்தடை எப்படி மாறுகிறது என்று அளப்பதே நோக்கம். அங்குள்ள மீக்கடத்துக் காந்தம் (மின்தடையற்ற கம்பிச்சுருளால் ஆனது) 9 டெஸ்லா வரை செல்லும்; டெஸ்லா என்பது காந்தப்புல வலிமையின் அலகு. மாதிரியை 2 கெல்வின் (சுமார் −271 °C) வரை குளிர்விக்கலாம்.

காந்தத்தைப் பற்றிச் சொல்ல ஒரு குறையும் இல்லை. வெப்பநிலை இரவு முழுதும் அசையாமல் நின்றது. எலக்ட்ரானின் பாதையைக் கம்பிக்குள் அடங்கும் வட்டமாக வளைக்க 9 டெஸ்லா போதுமா என்பது கம்பி எந்த உலோகம் என்பதைப் பொறுத்தது. காந்தப்புலத்தில் எலக்ட்ரான் வட்டமாக வளைகிறது. செம்பில் அவ்வட்டத்தின் ஆரம் 9 டெஸ்லாவிலும் ஏறத்தாழ 1 மைக்ரோமீட்டர் என்பதால், இதே தடிமனுள்ள செம்புக் கம்பியில் அது ஒரு சுற்றை முடிக்கும் முன்பே சுவரில் மோதிவிடும். பிஸ்மத்தில் மின்சுமப்பிகள் (மின்னோட்டத்தைச் சுமக்கும் எலக்ட்ரான் போன்ற துகள்கள்) மிகக் குறைவு: செம்பில் கன சென்டிமீட்டருக்குச் சுமார் 8.5×10²² என்றால், இங்கே சுமார் 3×10¹⁷ மட்டுமே. அதனால் அவற்றின் உந்தமும் சிறியது, வட்டமும் சிறியது. காந்தப்புலத்தை மாற்றும்போது மின்தடை ஏறி இறங்கும் அலைவுகளை ஷுப்னிகோவ், டி ஹாஸ் என்ற இயற்பியலாளர்கள் 1930-இல் நெதர்லாந்தின் லைடனில் கண்டறிந்ததும் பிஸ்மத்தில்தான்.

இச்சேவையில் எனக்கு மிகவும் பயன்பட்டது மாதிரியைச் சுழற்றும் தாங்கிதான். புலம் கம்பிக்குக் குறுக்கே இருந்தபோது மின்தடை ஏறிக்கொண்டே போனது. கம்பியின் நீளவாக்கில் திருப்பியதும் முதலில் ஏறி, ஓர் உச்சத்தைத் தொட்டு, பின்பு இறங்கியது. வட்டம் கம்பிக்குள் அடங்கும் அளவுக்குச் சுருங்கியபின் எலக்ட்ரான்கள் சுவரில் மோதுவது குறைவதே இந்த இறக்கத்துக்குக் காரணம். தாங்கிக்குத் தனிக் கட்டணம் உண்டு; கம்பி அளப்பவர்கள் அதைத் தவிர்க்க வேண்டாம்.

இனிக் குறைக்கு வருகிறேன். முதல் பயணத்தில் 3 கம்பிகளில் 2 கம்பிகள் குளிர்விக்கும் முன்பே எரிந்துபோயின. கம்பிகளுக்கு மின்முனைகளை இணைக்கும் மேசையில், உடலின் நிலைமின்னூட்டத்தைத் தரைக்கு வடிக்கும் மணிக்கட்டுப் பட்டையின் தரையிணைப்புக் கம்பி அறுந்திருந்ததை யாரும் கவனிக்கவில்லை. உடலில் சேரும் நிலைமின்னூட்டம் ஒருமுறை பாய்ந்தாலே இவ்வளவு மெல்லிய கம்பி தாங்காது. காந்தத்துக்கு இத்தனை செலவழித்தவர்கள் ஒரு பட்டையைச் சோதிக்க மறந்தது எரிச்சலூட்டியது. இரண்டாம் முறை, கோலார் தங்கவயல்காரரான தமிழ்த் தொழில்நுட்பர் ஒருவர், “தம்பி, முதல்ல பட்டையை மீட்டர்ல பார்த்துட்டு அப்புறம் கையில கட்டு” என்று சொல்லி, இணைக்கும் வரை எல்லா முனைகளையும் ஒன்றாகக் குறுக்கிணைத்து வைத்தார். அம்முறை ஒன்றும் எரியவில்லை.

அளவீட்டை வழக்கமாக 0-இலிருந்து +9 டெஸ்லா வரை மட்டுமே எடுக்கிறார்கள். மின்னழுத்தம் அளக்கும் முனைகள் நேர்கோட்டில் அமையாதபோது, புலம் எலக்ட்ரான்களை ஒருபக்கம் ஒதுக்குவதால் குறுக்கே எழும் ஹால் மின்னழுத்தம் மின்தடை அளவீட்டில் கலந்துவிடும். அது புலத்தின் திசையோடு குறிமாறுவதால், எதிர்ப்புலத்திலும் அளந்து சராசரி எடுத்தால்தான் நீங்கும். இதையும், மின்னோட்டத்தை 100 நானோஆம்பியருக்குள் வைக்க வேண்டும் என்பதையும் விண்ணப்பத்திலேயே எழுதிக் கொடுங்கள். வாய்மொழியாகச் சொன்னது இரவுப் பணியாளரைச் சென்றடையவில்லை. தரவுக் கோப்புகள் மறுநாளே கிடைத்துவிட்டன. எரிந்த கம்பிகளுக்கான கட்டணம் மட்டும் இன்னும் திரும்பவில்லை.