நெல் மஞ்சளாகுது, யாரைக் கேட்பது? உரக்கடை முதல் வயல்வெளிப் பள்ளி வரை ஓர் ஒப்பீடு

நட்ட மூன்று, நான்கு வாரத்தில் பயிர் மஞ்சளடித்தால் பெரும்பாலான ஊர்களில் முதலில் போவது உரக்கடைக்குத்தான். அதே கேள்வியைக் கேட்க ஏஏஓ (உதவி வேளாண்மை அலுவலர்), கேவிகே என்கிற வேளாண் அறிவியல் நிலையம், கிசான் கால் சென்டர், உழவன் செயலி, வேளாண் பல்கலையின் அக்ரிடெக் போர்ட்டல் என்று இன்னும் ஐந்து இடங்கள் உண்டு. ஆலோசனைக்குக் காசு கிடையாது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் கைவந்தது வேறு வேறு. இந்த மஞ்சளையே வைத்து அவற்றைப் பார்க்கலாம்.

யாரைக் கேட்பதானாலும் முதலில் வயலில் இறங்கிப் பாருங்கள். அடி இலைகள் ஒரே சீராக வெளுத்து, மேல் இலை பச்சையாக இருந்தால் தழைச்சத்துக் குறைவு. இலையில் துரு போல் பழுப்புப் புள்ளி விழுந்து பயிர் திட்டுத் திட்டாக வளர்ச்சி குன்றினால் துத்தநாகக் குறைவு. நுனியிலிருந்து ஆரஞ்சு மஞ்சளாகி, தூர் (குத்தில் கிளைக்கும் தண்டு) குறைந்து, பச்சைத் தத்துப்பூச்சியும் தென்பட்டால் துங்ரோ என்ற வைரஸ் நோய். இலை ஓரம் அலை அலையாகக் காய்ந்து வந்தால் பாக்டீரியா இலைக்கருகல். இந்தக் கடைசி ஒன்றை வீட்டிலேயே உறுதி செய்யலாம். காய்ந்த பகுதியும் பச்சையும் சேருமிடத்தில் இலையை வெட்டி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த நீர் ஊற்றி அதில் வெட்டுவாய் முங்கும்படி வையுங்கள். ஐந்து, பத்து நிமிடத்தில் வெட்டிய இடத்திலிருந்து பால் போல் இழை இறங்கினால் அது கருகல்தான். இதைப் பார்க்காமல் தழைச்சத்துக் குறைவு என்று நினைத்து யூரியா போட்டால் நோய் இன்னும் வேகமாகப் பரவும்.

உரக்கடை

கடை பக்கத்தில் இருக்கிறது, கடன் கொடுக்கிறது, இரவு எட்டு மணிக்கும் திறந்திருக்கிறது. இந்த மூன்றிலும் எந்த அரசு அலுவலகமும் அதற்கு ஈடில்லை. ஆனால் கடைக்காரர் பார்ப்பது நீங்கள் கிள்ளிக்கொண்டு போன ஓர் இலையை மட்டும். சரக்கு விற்றால்தான் அவருக்கு வருமானம் என்பதால் "எதுவும் அடிக்க வேண்டாம், தண்ணீரை வடியுங்கள்" என்ற பதில் அங்கே கிடைப்பது அரிது. ஹைதராபாத்தில் உள்ள மேனேஜ் என்ற வேளாண் விரிவாக்க மேலாண்மை நிறுவனம் 2003-ல் தொடங்கிய டேசி என்ற ஓராண்டுப் பட்டயப் படிப்பை முடித்த கடைக்காரர்கள் இருக்கிறார்கள். இரண்டு கடையில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதானால் அந்தச் சான்று உள்ள கடைக்குப் போங்கள். எந்தக் கடையானாலும் பில் வாங்குங்கள். மருந்து போலி என்று பின்னால் தெரிந்தால் கையில் இருக்கும் ஆதாரம் அது ஒன்றுதான்.

கிசான் கால் சென்டர்: 1800-180-1551

2004 முதல் இயங்குகிறது. காலை 6 முதல் இரவு 10 வரை, ஞாயிறும் சேர்த்து, தமிழிலேயே பேசலாம். எடுப்பவர் வேளாண்மை படித்தவர். அவருக்குத் தெரியாவிட்டால் அடுத்த நிலை வல்லுநரை இணைப்பார். ஆனால் அவர் உங்கள் வயலைப் பார்க்க முடியாது, நீங்கள் சொல்வதுதான் அவருக்குக் கண். "நெல் மஞ்சளாயிருக்கு" என்று மட்டும் சொன்னால் பொதுப்படையான பதில்தான் வரும். ரகம், நட்டு எத்தனை நாள், மேல் இலையா அடி இலையா, வயல் முழுக்கவா திட்டுத் திட்டாகவா, கடைசியாக என்ன உரம் எவ்வளவு போட்டீர்கள், தண்ணீர் நிற்கிறதா என்ற ஆறையும் தாளில் எழுதி வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள். மருந்து சொன்னால் "ஏக்கருக்கு எவ்வளவு, 10 லிட்டர் டேங்குக்கு எத்தனை மில்லி" என்று இரண்டு விதமாகவும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அளவு தெரியாத அவசரத்துக்கு இதுவே முதலிடம். நோயைக் கண்டுபிடிப்பதற்கு இதை மட்டும் நம்ப வேண்டாம்.

உழவன் செயலியும் அக்ரிடெக் போர்ட்டலும்

இரண்டும் ஒன்று போலத் தோன்றும், வேலை வேறு. 2018-ல் வந்த உழவன் செயலி விவரம் பார்க்கவும் பதிவு செய்யவும் உள்ளது: மானியம், உர இருப்பு, விதை இருப்பு, இயந்திர வாடகை, சந்தை விலை, உங்கள் ஊருக்கு ஏஏஓ வரும் நாள். போர்ட்டல் படிப்பதற்கு. அதில் பூச்சி, நோய்ப் படங்களும் ரகங்களும் சாகுபடி முறையும் தமிழிலேயே இருக்கின்றன. மஞ்சள் இலையைப் படத்தோடு ஒப்பிடப் போர்ட்டல்தான் உதவும்.

இங்கே நடக்கும் பெரிய தவறு ஒன்று உண்டு. பல்கலைப் பரிந்துரை பெரும்பாலும் ஹெக்டேர் கணக்கில் இருக்கும். ஒரு ஹெக்டேர் 2.47 ஏக்கர். துத்தநாக சல்பேட் 25 கிலோ என்று படித்துவிட்டு ஓர் ஏக்கரிலேயே 25 கிலோவையும் கொட்டுகிறார்கள். ஏக்கருக்கு 10 கிலோதான், அதையும் மணலோடு கலந்து நடவுக்குச் சற்று முன் தூவ வேண்டும். மணிச்சத்து உரத்தோடு கலக்கக் கூடாது. அதேபோல நெல்லுக்கு 150:50:50 (ஹெக்டேருக்குத் தழை, மணி, சாம்பல் சத்துகள் கிலோவில்) என்பது சத்தின் அளவு, உர மூட்டையின் எடை அல்ல. 150 கிலோ தழைச்சத்து என்றால் ஏக்கருக்கு ஏறத்தாழ 60 கிலோ. யூரியாவில் 46 சதம்தான் தழைச்சத்து என்பதால், முழுவதையும் யூரியாவாகவே கொடுத்தால் சுமார் 130 கிலோ, அதாவது 45 கிலோ மூட்டையில் மூன்றுக்குக் கொஞ்சம் குறைவு. டிஏபி போட்டிருந்தால் அதிலுள்ள தழைச்சத்தைக் கழித்துக்கொள்ளுங்கள்.

பழைய பக்கங்களையும் அச்சுக் கையேடுகளையும் மருந்துக்கு நம்ப வேண்டாம். உச்ச நீதிமன்றம் 2011-லேயே தடுத்த எண்டோசல்பான் பல பழைய கையேடுகளில் இன்னும் இருக்கிறது.

ஏஏஓவா, கேவிகேயா?

மானியம், விதை, காப்பீடு, சான்று என்றால் ஏஏஓ. சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தகம், சிறு குறு விவசாயி சான்று ஆகியவற்றின் நகல்களை ஒரே உறையில் வைத்திருந்தால் பாதி அலைச்சல் மிச்சம். வாழை, காய்கறி, மரவள்ளி என்றால் தோட்டக்கலைத் துறை அலுவலகத்துக்கும், டிராக்டர், பவர் டில்லர் என்றால் வேளாண் பொறியியல் துறைக்கும் போக வேண்டும். தவறான அலுவலகத்தில் காத்திருந்து ஒரு நாளை இழப்பவர்கள் நிறைய. ஏஏஓவுக்குப் பல கிராமங்கள் இருப்பதால் நீங்கள் கூப்பிட்ட அன்றே வயலுக்கு வருவார் என்று எண்ணாதீர்கள்.

கேவிகே அப்படி அல்ல. நாட்டின் முதல் கேவிகே 1974-ல் புதுச்சேரியில் தொடங்கியது. தமிழ்நாட்டில் சிக்கல், நீடாமங்கலம், வம்பன், பாப்பாரப்பட்டி, காந்திகிராமம் என்று பெரும்பாலான மாவட்டங்களில் இருக்கிறது. ஒரு நிலையத்துக்குத் தலைவரும், பயிர், மண், பூச்சி, மனையியல் என்று துறைவாரியாக ஆறு வல்லுநர்களும் என்பது ஒதுக்கீடு. மஞ்சள் எதனால் என்று தீர்மானிக்க இதைவிடத் தகுந்த இடம் இல்லை. ஓர் இலையை அல்ல, வேரோடும் மண்ணோடும் நோயுள்ள குத்து ஒன்று, நல்ல குத்து ஒன்று என்று இரண்டையும் கொண்டு போங்கள். பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் வேறுபாடு தெரியும். துத்தநாகம்தான் என்று உறுதியானால் நிற்கும் பயிருக்கு 10 லிட்டர் நீரில் 50 கிராம் துத்தநாக சல்பேட், 100 கிராம் யூரியா கரைத்து, அறிகுறி மறையும் வரை 15 நாள் இடைவெளியில் தெளிப்பது பரிந்துரை.

மண் பரிசோதனையில் முடிவைக் கெடுப்பது பெரும்பாலும் நாம் மண் எடுக்கும் விதம்தான். நெல்லுக்கு 15 செ.மீ., பருத்தி, கரும்புக்கு 22 செ.மீ. ஆழம். மேலே கிடக்கும் சருகை ஒதுக்கி, ‘வி’ வடிவில் குழி வெட்டி, குழியின் பக்கச் சுவரிலிருந்து மேலிருந்து கீழாக ஒரே கனத்தில் சீவி எடுக்க வேண்டும். இப்படிப் பத்துப் பதினைந்து இடம். வரப்போரம், மரத்தடி, எருக்குப்பை இருந்த இடம், அண்மையில் உரம் போட்ட இடம் வேண்டாம். நன்றாகக் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பங்கை நீக்கி, அரைக் கிலோ வரும்வரை குறையுங்கள். நிழலில் உலர்த்துங்கள். நுண்ணூட்டம் பார்ப்பதானால் இரும்பு மண்வெட்டியும் தகர வாளியும் கூடாது, மரக்குச்சியும் பிளாஸ்டிக் வாளியும் போதும்.

வயல்வெளிப் பள்ளி

எங்கள் கணிப்பில் இதுதான் மிகப் பெரிய பயன் தருவது, ஆனால் குறைவாகத் தேடப்படுவதும் இதுவே. புகையான் (நெல் தூரில் சாறு உறிஞ்சும் தத்துப்பூச்சி) மருந்துக்கு அடங்காமல் போன இந்தோனேசியாவில் 1989-ல் உருவானது. கூடுதலாக மருந்தடிக்க அடிக்கச் சிலந்திகள் செத்துப் புகையான் பெருகியதே அங்கு கற்ற பாடம். இங்கே ஆத்மா (வேளாண் தொழில்நுட்ப மேலாண்மை முகமை) திட்டத்தில் பண்ணைப்பள்ளியாக நடக்கிறது. ஒரே வயலில் பருவம் முழுக்கக் கூடி, குத்துக்களைப் பிரித்துப் பூச்சியையும் நன்மை செய்யும் பூச்சியையும் எண்ணி, அடிக்கலாமா வேண்டாமா என்று விவசாயிகளே முடிவெடுக்கிறார்கள். புகையான் தூருக்கு ஒன்று என்றால் நடவடிக்கை எடுக்கலாம், குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு வரை பொறுக்கலாம் என்ற கணக்கை எந்தச் செயலியும் கைப்பழக்கமாக்கித் தராது. முதல் வகுப்புக்கு மட்டும் வந்து கையெழுத்துப் போட்டுப் போனால் பயன் இல்லை.

வீட்டுப் பெண்களுக்கும் இளைஞர்களுக்கும்

காளான், தேனீ என்றால் கோவை வேளாண் பல்கலையில் மாதாமாதம் நடக்கும் ஒருநாள் பயிற்சி, கேவிகேயில் நடக்கும் சில நாள் பயிற்சி என்று இரண்டு வழி. தொழில் நமக்கு ஒத்துவருமா என்று பார்க்க ஒரு நாள் போதும். பணம் போட்டு இறங்குவதானால் நீண்ட பயிற்சிக்குத்தான் போக வேண்டும். சிப்பிக்காளான் படுக்கை கட்டுவதை ஒரே நாளில் கற்றுவிடலாம், பச்சைப் பூசணம் வந்தால் என்ன செய்வது என்பதைக் கற்க முடியாது. வைக்கோலைச் சரியாக வேகவைக்காததும் ஈரம் அதிகமானதும் அதற்கு முக்கியக் காரணம். பிழிந்தால் கை நனைய வேண்டும், சொட்டக் கூடாது. இந்தப் பதத்தைக் கையால் பழகவே நாள் பிடிக்கும். சேரும் முன் பயிற்சி நடத்துபவரிடம் காளான் விதை எங்கே வாங்குவது, அறுவடையான காளானை உங்கள் ஊரில் யார் எடுப்பார் என்று இரண்டையும் கேட்டுவிடுங்கள்.